ஐஸ் கம்பெனிக் கணினிக்கு ஒரு லோக்கல் அக்கவுண்ட்

பாம்பனில் மாமாவின் ஐஸ் கம்பெனிக்காக வாங்கிய மடிக்கணினியில் விண்டோஸ் 11 ப்ரோ இருந்தது. முதல்முறை அமைக்கும்போது அது மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் கணக்கைக் கேட்டது. விசைப்படகுகளுக்கு ஏற்றிய கட்டிகளையும் வரவேண்டிய பாக்கியையும் மட்டுமே குறிக்கப்போகும் கணினிக்கு, மின்னஞ்சல் முகவரியே இல்லாத மாமாவின் பெயரில் ஆன்லைன் கணக்கு எதற்கு, அந்தக் கணினிக்குள் மட்டுமே இருக்கும் லோக்கல் அக்கவுண்ட் போதுமே என்று எனக்குத் தோன்றியது.

இணையம் இல்லாமலே அமைப்பை முடித்துவிடலாம் என்று எண்ணினேன். ஆனால் வைஃபை திரையில் ‘நெக்ஸ்ட்’ பொத்தான் மங்கியே கிடந்தது. கொட்டகைக்குள் சிக்னல் ஏறாததால், கடலைப் பார்த்த சன்னல் திட்டில் கைபேசியை வைத்து ஹாட்ஸ்பாட் கொடுத்தேன். பிறகு, வேலை அல்லது பள்ளிக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்து, ‘சைன்-இன் ஆப்ஷன்ஸ்’ வழியாக ‘டொமைன் ஜாயின் இன்ஸ்டெட்’ என்பதை அழுத்தியதும், பயனர் பெயரை மட்டும் கேட்டது. (உண்மையில் எந்த டொமைனிலும், அதாவது நிறுவனத்தின் கணினி வலையமைப்பிலும், சேர வேண்டியதில்லை, பெயர்தான் மிரட்டுகிறது.) ஹோம் பதிப்பில் இந்த வழி கிடையாது.

அங்கே இடும் பெயரே பயனர் கோப்புறைக்கும் பெயராகிவிடுவதால், இடைவெளியில்லாத சிறு பெயராக, ஆங்கில எழுத்திலேயே இட்டேன். கடவுச்சொல் வைத்ததும் மூன்று பாதுகாப்புக் கேள்விகள் வந்தன. மறந்துபோனால் ஆன்லைனில் மீட்க முடியாது என்பதால், அவற்றின் பதில்களை மாமா பற்றுவரவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.