உங்கள் எம்.பி. யாருக்காகக் கேள்வி கேட்கிறார் என்று பார்ப்பது எப்படி

கூட்டுறவுத் தணிக்கையில் வேலை பார்த்தவள் நான். சங்கத் தலைவர் தன் கணக்கைத் தானே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் அதை ஏற்கமாட்டோம். நாடாளுமன்றத்திலோ எம்.பி.க்களின் நடத்தையை விசாரிக்கும் நெறிமுறைக் குழுவில் இருப்பவர்கள் எல்லோருமே எம்.பி.க்கள்தான். 2005 டிசம்பரில், கேள்வி கேட்கக் காசு வாங்கிய 11 பேரைப் பதவிநீக்கம் செய்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அவர்களைப் பிடித்தது சபை அல்ல, டிவிக்காரர்களின் ரகசிய கேமரா. வெளியிலிருந்து நாமும் பார்த்தால்தான் வேலை நடக்கும்.

முதலில் வேட்புமனுவோடு கொடுத்த பிரமாணப் பத்திரத்தை எடுங்கள். படிவம் 26 என்பார்கள். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் கிடைக்கும். இது எம்.பி.க்கள் மனமுவந்து கொடுத்ததல்ல. வேட்பாளர்கள் சொத்து போன்ற விவரங்களைத் தர வேண்டும் என்று 2002-ல் உச்ச நீதிமன்றம்தான் சொன்னது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அதைக் குறைக்கப் பார்த்தது. 2003-ல் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தையும் ரத்து செய்தது.

பலரும் மொத்தச் சொத்து எத்தனை கோடி என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதில் ஒன்றும் தெரியாது. அசையும் சொத்துப் பட்டியலில் பங்குகள் இருக்கும் வரிக்குப் போங்கள். வேட்பாளரின் கட்டத்தைவிட, வாழ்க்கைத் துணைக்கும் சார்ந்திருப்பவர்களுக்கும் உரிய கட்டங்களை நிதானமாகப் படியுங்கள். கம்பெனிப் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் தொழில், வருமான வழி, அரசு ஒப்பந்தங்கள்.

அடுத்து நாடாளுமன்ற இணையதளத்தில் அவர் கேட்ட கேள்விகள். உறுப்பினர் பெயரிலேயே தேடலாம். மனைவி பெயரில் சர்க்கரை ஆலைப் பங்கு இருக்கிறது என்று வையுங்கள். கரும்பு விளையும் தொகுதி எம்.பி. சர்க்கரை பற்றிக் கேட்பது தப்பே இல்லை, கேட்கத்தான் வேண்டும். விவசாயிக்கு ஆலை வைத்திருக்கும் பாக்கியைப் பற்றி ஒரு தடவையாவது கேட்டாரா, பெட்ரோலில் கலக்க ஆலை விற்கும் எத்தனாலின் விலையைப் பற்றி மட்டும்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறாரா? அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த நிலைக்குழுவில், அதாவது ஒவ்வொரு துறையையும் ஆராயும் எம்.பி.க்கள் குழுவில், இருக்கிறார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இதெல்லாம் சந்தேகத்துக்கு இடம் தருமே தவிர, சாட்சி ஆகாது. அவரை எந்தக் கம்பெனிக்காரர் வந்து பார்த்தார் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. லாபி செய்பவர்களைப் பதிவு செய்யும் சட்டம் நம் நாட்டில் கிடையாது.

மாநிலங்களவை உறுப்பினர் என்றால் இன்னொரு காகிதமும் உண்டு. சம்பளம் வரும் இயக்குநர் பதவி, ஆலோசகர் வேலை போன்றவற்றை அவர்கள் ஒரு பதிவேட்டில் தெரிவிக்க வேண்டும். மாநிலங்களவைச் செயலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி, பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்து, அந்த உறுப்பினரின் பதிவைக் கேளுங்கள். மக்களவையில் இப்படி ஒரு பதிவேடே இல்லை. எனக்கு இதுதான் பெரிய கோபம்.

உறுதியான ஆதாரம் கிடைத்தால் மக்களவை நெறிமுறைக் குழுவுக்கு யாரும் புகார் கொடுக்கலாம், ஆனால் இன்னொரு எம்.பி. வழியாகத்தான் போக வேண்டும். புகார் பொய்யானதல்ல என்று பிரமாணப் பத்திரமும் இணைக்க வேண்டும். பேப்பர் கட்டிங்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள், எடுக்கமாட்டார்கள். சொந்தக் கட்சிக்காரர் கையெழுத்துப் போடத் தயங்குவார். பக்கத்துத் தொகுதியில் வேறு கட்சி எம்.பி. இருந்தால், நீங்கள் குறித்து வைத்த நோட்டுப் புத்தகத்தோடு அவரிடம் போங்கள்.