அருங்காட்சியகத்தில் போலந்துத் திரைப்படங்களை எப்படிப் பார்ப்பது?

எல்லாவற்றுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டாம், இரண்டு மூன்று போதும். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: கதை நடக்கும் ஆண்டு, படம் வந்த ஆண்டு.

போலந்து இயக்குநர் ஆந்த்ரே வாய்தாவின் 'கனாவ்' 1957-இல் வந்தது, கதையோ 1944-இல் ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்து நடந்த வார்சா எழுச்சி. சாக்கடை வழியே தப்பிக்கும் இருவர் கடைசியில் இரும்புக் கம்பிகளுக்குப் பின்னால் நின்று ஆற்றின் அக்கரையைப் பார்ப்பார்கள். அங்கேதான் சோவியத் படை உதவிக்கு வராமல் நின்றிருந்தது; படம் வந்தபோது போலந்து சோவியத் பிடியில் இருந்தது, தணிக்கையும் இருந்ததால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது, ஆனால் போலந்துக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். அந்தக் காட்சியைத் தவறவிடாதீர்கள்.

அப்புறம் அதே வாய்தாவின் 'இரும்பு மனிதன்'. 1980-இல் போலந்தின் துறைமுக நகரமான கதான்ஸ்கின் கப்பல் தளத்தில் வேலைநிறுத்தம், அடுத்த ஆண்டே படம்! முடிந்ததும் உடனே கிளம்பாமல் காட்சிக்கூடத்தில் அந்த வேலைநிறுத்த ஆண்டின் புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள்.