அரை மணி நேரத்தில் சேறு சொல்லிவிடும்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றூட்டும் தொட்டியின் கடைசி முனையில், நுரையை ஒதுக்கிவிட்டு, கழிவுநீரும் நுண்ணுயிர்ச் சேறும் கலந்த கலவை நீர் 1 லிட்டர் எடுங்கள். அளவு ஜாடியில் ஊற்றி, மெதுவாகக் கலக்கி, வெயிலும் அதிர்வும் இல்லாத இடத்தில் உடனே வையுங்கள். தாமதித்தால் அளவு பொய்யாகும்.

30 நிமிடம் கழித்துச் சேறு நிற்கும் கோட்டைப் பாருங்கள். 300 மி.லி. என்றால், லிட்டருக்கு எத்தனை கிராம் சேறு என்ற அளவால் வகுங்கள். 3 கிராம் இருந்தால் விடை 100, நல்ல சேறு. 150-ஐத் தாண்டினால் இழைபோல் நீளும் பாக்டீரியா பெருகியிருக்கலாம். அந்தச் சேறு சரியாகப் படியாது. மழை நாளில், சேறு படிந்து நீர் தெளியும் தெளிவுத் தொட்டியின் விளிம்பு தாண்டி நேரே ஆற்றில்தான் விழும். பல நேரம் காரணம் ஆக்சிஜன் குறைவே. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மி.கி. இருக்கிறதா என்று முதலில் மீட்டரில் பாருங்கள். பிறகு காற்றை ஊதும் ப்ளோயரையும், காற்றைக் குமிழியாக விடும் டிஃப்யூசர் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இழைகளைக் கொல்லக் குளோரின் போடுவது கடைசி வழி. கூடினால் நல்ல நுண்ணுயிரும் சாகும்.

ஜாடியை அப்போதே கொட்டிவிடாதீர்கள். இன்னும் ஒரு மணி நேரத்துக்குள் சேறு கட்டியாக மேலே எழுந்தால் குச்சியால் கிளறுங்கள். குமிழி விட்டு மூழ்கினால் அது நைட்ரஜன் வாயு; தெளிவுத் தொட்டியில் சேறு அதிக நேரம் கிடக்கிறது. சேற்றைத் திருப்பி அனுப்பும் பம்பின் ஓட்டத்தை 10 சதவீதம் கூட்டி, மறுநாள் அதே நேரத்தில் மறுபடி பாருங்கள்.