நேற்றைய மழையைப் பார்த்துக் கிளம்புங்கள்: நீலகிரித் தடங்களில் மலைச் சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேட்டுப்பாளையத்தில் வெயில் அடிக்கும். பர்லியாறு தாண்டும்போது கார்க் கண்ணாடியில் தூறல் விழும். குன்னூரில் எதிரே வரும் வண்டியின் விளக்கு மட்டும் தெரியும். ஊட்டிக்குப் போய்ச் சேர்ந்தால் மறுபடியும் வெயில். சுமார் 50 கிலோமீட்டர் சாலையில் ஏறத்தாழ 1,900 மீட்டர் ஏறிவிடுகிறோம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரி வீதம் வெப்பம் குறையும் என்பதால், அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையே 12 டிகிரி வித்தியாசம் இருப்பது சாதாரணம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் சைக்கிளை எடுக்க முடிகிற என்னைப் போன்றவர்களுக்கு நல்ல வானிலைக்காகக் காத்திருக்கும் வசதி இல்லை. அன்றைய வானிலைக்கு ஏற்ற தடத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்தத் தேர்வு மலையின் அமைப்பிலிருந்து தொடங்குகிறது. நீலகிரியின் நடுவே 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவும் அதைச் சார்ந்த மலைத்தொடரும் ஒரு சுவர்போல நிற்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக்காற்று கூடலூர், அவலாஞ்சி, அப்பர் பவானி ஆகிய மேற்குப் பகுதிகளில் தன் மழையின் பெரும்பங்கைக் கொட்டிவிட்டு, சுவருக்குக் கிழக்கே உள்ள கோத்தகிரிக்கு மெல்லிய தூறலையும் காற்றையுமே பெரும்பாலும் மிச்சம் வைக்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவானது என்பதை நினைத்துப் பார்த்தால், ஆடி மாதத்தில் மேற்குப் பக்கம் சைக்கிளோடு போகலாமா என்ற கேள்வியே எழாது. அக்டோபர் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. குன்னூரும் கோத்தகிரியும் நனைகின்றன. சரிவுகளில் மண் இளகுகிறது. 2009 நவம்பரில் இந்தப் பகுதிகளில் பலரைப் பலிகொண்ட நிலச்சரிவுகள் அந்தப் பருவத்தில்தான் நேர்ந்தன. எனவே ஜூலையில் கிழக்கே போவதும், நவம்பரில் மேற்கே போவதும் அல்லது வீட்டில் இருப்பதும் என் வழக்கம்.

முன்னறிவிப்பைப் படிப்பதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். கைப்பேசிச் செயலிகள் பலவும் நம்பியிருக்கும் உலகளாவிய கணினி மாதிரிகளில் மிக நுணுக்கமானவைகூட பூமியைச் சுமார் 9 கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்தே கணக்கிடுகின்றன. நீலகிரியில் அப்படி ஒரு கட்டத்துக்குள் ஒரு சிகரமும் இரண்டு பள்ளத்தாக்குகளும் அடங்கிவிடும் என்பதால், செயலி சொல்லும் மழை எந்தப் பள்ளத்தாக்கில் பெய்யும் என்பது அதற்கே தெரியாது. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கை மாவட்டம் முழுமைக்குமானது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6-ஐத் தொட்டால் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை என்பது அவர்கள் கணக்கு. ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை இருந்தால் கிளம்பாதீர்கள். மஞ்சள் எச்சரிக்கை இருக்கும் நாளில் நான் மண் தடத்தை விட்டுவிட்டு, சரளைக்கல் போட்ட தோட்டச் சாலையோடு நிறுத்திக்கொள்வேன்.

ஆனால் முன்னறிவிப்பைவிட நான் அதிகம் நம்புவது முந்தைய மூன்று நாள்களின் மழை அளவை. தலைக்கு மேலே பெய்யும் மழை ஆளை நனைக்கும், அவ்வளவுதான். சக்கரத்தை வழுக்கச் செய்வது பெரும்பாலும் மண்ணுக்குள் ஏற்கெனவே இறங்கிவிட்ட மழை. வானிலை மையம் வெளியிடும் மழை அளவு காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்துக்கானது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, வியாழன் முதல் சனி வரையிலான அளவுகளைப் பாருங்கள். என் அனுபவத்தில், வெயில் படும் சரளைத் தடம் அரை நாளில் ஓட்டுவதற்குத் தயாராகிவிடும். கற்பூர மரக் (யூகலிப்டஸ்) காட்டுக்குள் போகும் செம்மண் பாதைக்கு இரண்டு உலர்ந்த நாள்களாவது வேண்டும். சோலைக்காட்டை ஒட்டிய கறுப்பு மண் மழைக்காலம் முடியும்வரை காய்வதே இல்லை.

தடத்துக்கு வந்துவிட்ட பிறகு ஓர் எளிய சோதனை உண்டு. ஐம்பது மீட்டர் ஓட்டிவிட்டு இறங்கித் திரும்பிப் பாருங்கள். டயரின் பூ அச்சு மட்டும் பதிந்திருந்தால் தொடரலாம். சக்கரம் ஒரு விரல் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டியிருந்தாலோ, மண் டயரில் அப்பிக்கொண்டு, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இடுக்கை அடைத்தாலோ திரும்பிவிடுங்கள். நீங்கள் வெட்டிய வாய்க்காலில் அடுத்த மழையின் நீர் ஓடும், அதற்கடுத்த மழையில் பாதையே அரித்துக்கொண்டு போகும். அந்தப் பாதையில் தினமும் நடப்பவர்கள் பக்கத்து ஹட்டியின் (படகர் கிராமத்தின்) மக்களும் தேயிலைக் கூடையைச் சுமந்து வரும் பெண்களும்தான். ஞாயிற்றுக்கிழமை வந்துபோகும் நமக்கு அதைக் கெடுக்க உரிமை இல்லை. குட்டை தேங்கியிருந்தால் ஓரமாக ஒதுங்கிப் போகாமல் நடுவிலேயே ஓட்டுங்கள். ஒதுங்கிப் போகிற ஒவ்வொருவரும் பாதையை ஒரு சாண் அகலமாக்குகிறார்கள்.

பருவமழை இல்லாத ஏப்ரல், மே மாதங்களில் கவனிக்க வேண்டியது கடிகாரம். காலையில் துடைத்து வைத்ததுபோல இருக்கும் வானத்தில் பதினோரு மணிவாக்கில் முகடுகளுக்கு மேலே வெண்மேகங்கள் காலிஃபிளவர்போல எழும்பும், அவற்றின் அடிப்பாகம் கறுக்கும், பிற்பகலில் இடியும் ஆலங்கட்டியும் இறங்கும். நண்பகலுக்குள் முகட்டைவிட்டு இறங்கிவிடும்படி திட்டமிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள்; உடனே ஒதுங்க வேண்டும், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது. தேயிலைக்கு நடுவே தனியாக நிற்கும் சில்வர் ஓக் மரம் மோசமான அடைக்கலம். இலை எடை போடும் திறந்த தகரக் கொட்டகை மழைக்கு உதவும், மின்னலுக்கு உதவாது. கான்கிரீட் கட்டடமோ கதவு மூடிய காரோ வேண்டும்.

இதற்காக இருட்டோடு கிளம்பிவிடவும் முடியாது. அதிகாலையில் காட்டெருமையும் கரடியும் தேயிலைத் தோட்டங்களுக்குள் நடமாடும். மூடுபனியில் வளைவு திரும்பியதும் காட்டெருமையின் விலாவுக்கு இரண்டு மீட்டர் பக்கத்தில் போய் நிற்பது யாருக்கும் நல்லதல்ல. நன்றாக விடிந்த பிறகு, ஏழு மணிக்கு மேல் தொடங்குங்கள். பனி மூடியிருந்தால் மணியை அடித்துக்கொண்டே ஓட்டுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைவது குற்றம், தோட்டப் பாதைகளுக்கு நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். காய்ந்த மாதங்களில் காட்டுத்தீ அபாயத்துக்காக வனத்துறை தடை விதித்தால், 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் தீயில் சிக்கி இறந்ததை நினைத்து அதற்குக் கட்டுப்படுங்கள்.

சைக்கிளில் முதலில் பார்க்க வேண்டியது டயரின் காற்று. சமவெளியில் அடித்த காற்று, மேலே வளிமண்டல அழுத்தம் குறைவதால் அளவுமானியில் மூன்று பி.எஸ்.ஐ. அளவுக்கு ஏறும், குளிர் அதில் ஏறத்தாழ பாதியைத் திரும்ப இறக்கிவிடும். இரண்டும் எப்படிக் கழிபடும் என்பது அன்றைய குளிரைப் பொறுத்தது என்பதால், தடத்தின் தொடக்கத்தில் மீண்டும் அளந்து பார்ப்பதே சரி. எழுபது கிலோ எடையுள்ள நான் 2.3 அங்குல ட்யூப்லெஸ் டயரில் உலர்ந்த நாளில் முன்னே 23, பின்னே 26 வைத்து, ஈரமான நாளில் இரண்டு குறைத்துக்கொள்கிறேன். ட்யூப் உள்ள டயரில் இவ்வளவு குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே ட்யூப் நசுங்கிக் கிழியும். கவாத்து செய்த தேயிலைப் பாத்திகளின் ஓரம் கிடக்கும் சாய்வாக வெட்டிய குச்சிகள் டயரின் பக்கச் சுவரைக் குத்தும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். என்னுடைய பஞ்சர்களில் பாதி அங்கே வாங்கியவை.

பிரேக் பேடைப் பற்றி அனுபவம் தந்த பாடம் ஒன்று உண்டு. கோத்தகிரிப் பக்கம் ஒரு தூறல் நாளில், பாதி தேய்ந்த ரெசின் (பிசின் கலவை) பேடுகளோடு நீண்ட இறக்கம் ஒன்றில் இறங்கினேன். சக்கரம் வாரி எறிந்த மணல் கலந்த சேறு உப்புத்தாள்போல அவற்றை அரைத்துவிட, கடைசி ஒரு கிலோமீட்டரில் பின் பிரேக்கின் இரும்புத் தகடு டிஸ்க்கை உரசும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அதன்பின் மழைக்காலத்தில் உலோகத்தூள் கலந்த பேடுகளையே போடுகிறேன். அவை கிறீச்சிடும், தொடக்கத்தில் பிடிப்பும் சற்றுக் குறைவு. ஆனால் ஈரத்தில் நெடுநாள் நிற்கும். வாங்கும்முன் உங்கள் டிஸ்க் அவற்றுக்கு ஏற்றதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ரெசின் பேடுக்கு மட்டும் என்று அச்சிட்ட டிஸ்க்குகளும் உண்டு. செயினுக்கு ஈரத்துக்கான எண்ணெய் வேண்டும். உலர்காலத்து மெழுகு எண்ணெய் முதல் ஓடையிலேயே கழுவிக்கொண்டு போய்விடும்.

உடையில் பருத்தியைத் தவிருங்கள். நனைந்த பருத்தி உடலோடு ஒட்டிக்கொண்டு வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஏறும்போது வியர்வையாலும் இறங்கும்போது காற்றாலும் குளிர்வதால், 15 டிகிரியில்கூட நனைந்தவருக்கு நடுக்கம் வரும். விரல்கள் பிரேக்கை அழுத்த மறுப்பதும் பேச்சு குழறுவதும் உடல் வெப்பம் ஆபத்தாகக் குறைவதன் அறிகுறிகள். காற்றுப் புகாத பையில் ஓர் உலர்ந்த பனியனை எடுத்துச் சென்று, உச்சியில் மாற்றிக்கொண்டு, மேலே மழைச்சட்டையைப் போட்டபிறகு இறங்குங்கள். எனக்குத் தெரிந்த மிக மலிவான பாதுகாப்பு இதுதான்.

ஓட்டும்போது வழுக்கும் பொருள்களைத் தரம்பிரித்துப் பார்க்கக் கண்ணைப் பழக்க வேண்டும். ஈரமான சரளை நம்பத்தக்கது, செம்மண் அப்படியல்ல, உரிந்து கிடக்கும் கற்பூர மரப்பட்டை அதைவிட மோசம், தடத்துக்குக் குறுக்கே சாய்வாக ஓடும் நனைந்த வேர் எல்லாவற்றிலும் மோசம். வேரை முடிந்தவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும், அதன்மேல் இருக்கும்போது பிரேக்கைத் தொடவே கூடாது. வேகத்தை அதற்கு முன்பே, நேராக உருளும் இடத்தில் குறைத்துவிட்டு, இடுப்பைச் சீட்டிலிருந்து எழுப்பி, முழங்கையும் முழங்காலும் தளர்ந்திருக்க, சைக்கிள் தன் கீழே சற்று ஆடுவதை அனுமதித்து உருண்டு போய்விட வேண்டும். முன்சக்கரம் கொஞ்சம் நழுவியதும் பதறி இறுக்குகிற முன்பிரேக்கே பெரும்பாலான ஈரத்தட விழுகைகளுக்குக் காரணம். டிசம்பர், ஜனவரிக் காலைகளில் உறைபனி விழுந்த புல்வெளி ஓரங்களும் இப்படித்தான்: ஏழு மணிக்கு இறுகிக் கிடக்கும் மண் ஒன்பது மணி வெயிலில் மேலே மட்டும் இளகி வெண்ணெய்போல ஆகியிருக்கும்.

வீடு திரும்பியதும் காலுறையில் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சைக்கிளைக் குழாய்த் தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையின் அழுத்தக் குழாய் பேரிங்குகளுக்குள் சேற்றைச் செலுத்திவிடும். செயினைத் துடைத்து உலர்த்தி எண்ணெயிடுங்கள். பேடின் கனத்தைப் பாருங்கள். பிறகு ஒரு நோட்டில், மூன்று நாள் மழை, தடம், கிளம்பிய நேரம், டயர் காற்று, மண் எப்படி இருந்தது என்று நான்கு வரி எழுதிவையுங்கள். என் நோட்டில் அடிக்கடி வரும் வரி இது: "கற்பூரக்காடு. வெள்ளி மழை, சனி வெயில். ஐம்பது மீட்டரில் திரும்பினேன், தோட்டச் சாலையில் 18 கிலோமீட்டர் ஓட்டினேன்."