சாயக்கழிவு நீருக்கு ஃபென்டன் முறை: முதலில் ஒரு லிட்டரில் செய்து பாருங்கள்

சாயக்கழிவு ஆய்வகத்துக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது, கழிவில் உள்ள சாயத்தை உடைக்கும் ஃபென்டன் முறையைத்தான். திருப்பூரில் இதற்கு வேண்டியவை கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைக்கும்: துணி வெளுக்கிற 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட்), கந்தக அமிலம், சுண்ணாம்பு. அன்னபேதியில் உள்ள இரும்புதான் வினையூக்கி. அது பெராக்சைடை உடைத்து, எதோடும் சட்டென்று வினைபுரியும் ஹைட்ராக்சில் ராடிகல் என்ற துகளை உண்டாக்கும். சாய மூலக்கூறை அடித்து உடைப்பது அந்த ராடிகல்.

கழிவின் சிஓடி, அதாவது அதில் உள்ள கரிமப் பொருளை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு, லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டரை பீக்கரில் எடுத்து, கலக்கிக்கொண்டே அமிலம் விட்டு பிஎச்-ஐ 3-க்கு இறக்குங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள், 4-க்கு மேல் போனால் இரும்பு படியத் தொடங்கி வினை மந்தமாகிவிடும். அடுத்து 1 கிராம் அன்னபேதி. அது கரைந்த பிறகு பெராக்சைடு, இந்த சிஓடிக்குக் கணக்குப்படி சுமார் மூன்றரை மில்லி. நாலைந்து தடவையாகப் பிரித்து விடுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் மிகுதியான பெராக்சைடே ராடிகலைத் தின்றுவிடும். சூடேறும், வாயு வரும்; பாத்திரத்தை மூடாதீர்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

கொஞ்ச நேரத்திலேயே நிறம் போய்விடும். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு அதில்தான் வருத்தம். அசோ வகைச் சாயத்துக்கு நிறம் தருகிற, இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு சீக்கிரம் அறுந்துவிடும். உடைந்த துண்டுகள் தண்ணீரில்தான் கிடக்கும். கண்ணை நம்பாமல் ஒரு மணி நேரமாவது கலக்குங்கள்.

அப்புறம் சுண்ணாம்புப் பால் சேர்த்து பிஎச்-ஐ 8-க்கு ஏற்றினால் இரும்பு செம்பழுப்புக் கசடாக அடியில் தங்கும். தெளிந்த நீரில் பெராக்சைடு மீதி இருக்கிறதா என்று சோதனைத் தாளில் பார்த்துவிட்டு சிஓடி எடுங்கள். மீதி இருந்தால் சிஓடி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

உப்பை இந்த முறை தொடாது. நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணைநீரையும் பாழாக்கியதில் சாயமேற்றப் போடும் உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அதைப் பிரிக்க ஆர்ஓ-வும் ஆவியாக்கியும்தான் வழி. ஆனால் ஆர்ஓ-வுக்கு முன்னால் கரிமப் பொருளைக் குறைத்துவிட்டால் சவ்வு சீக்கிரம் அடைக்காது.

ஆலையின் தொட்டிக்குப் போகும் முன், பெராக்சைடைப் பாதியாக்கி ஒரு ஜாரிலும், ஒன்றரை மடங்காக்கி இன்னொன்றிலும் ஓட்டுங்கள். எந்த அளவுக்கு மேல் சிஓடி இறங்க மறுக்கிறதோ, அதுவே உங்கள் கழிவுக்கான அளவு. சாயம் மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.