வெள்ளை கலந்த மணி பிளான்ட்: இனம் காண்பதும் பேணுவதும்

இலையில் வெள்ளையோ மஞ்சளோ வெள்ளியோ கலந்து கொடியாகப் படர்கிற செடி எதுவானாலும், நர்சரியில் அதற்குப் பெரும்பாலும் மணி பிளான்ட் என்ற ஒரே பெயர்தான். அந்தப் பெயருக்குள் வெவ்வேறு பேரினங்களைச் சேர்ந்த செடிகள் கலந்திருப்பதால், வாங்குமுன் இலையின் நிறத்தில் மயங்காமல் காம்பைப் பார்ப்பது நல்லது.

உண்மையான மணி பிளான்ட்டின் இலைக்காம்பில், மேற்புறமாக ஒரு பள்ளம் ஓடும். நகத்தால் தடவினால் தெரியும். புதிய இலை முந்தைய இலையின் காம்போரத்திலிருந்து சுருள் பிரிந்து வரும். இதே பெயரில் விற்கப்படும் பிலோடென்ட்ரான் என்ற கொடியின் காம்பு உருண்டையாக இருக்கும். அதன் தளிர் மெல்லிய உறையொன்றுக்குள் பொதிந்து வந்து, விரிந்தபின் அந்த உறை சருகாகக் காய்ந்துவிடும். அப்படி விற்கப்படும் இன்னொரு கொடியான சிங்கோனியத்தின் இலை அம்பு முனைபோல் இருக்கும், கிள்ளினால் பால் வடியும்.

‘சில்வர் மணி பிளான்ட்’ என்று விற்கப்படுவது சிண்டாப்சஸ் என்ற வேறு பேரினச் செடி. இதன் இலை தடித்தது, மினுமினுப்பு இல்லாதது. இலையை வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்தால் வெள்ளிப் புள்ளிகள் மட்டும் பளிச்சிடும்; மேல்தோலுக்கு அடியிலுள்ள காற்றிடைவெளி ஒளியைத் திருப்பி அனுப்புவதே அதற்குக் காரணம். அந்தப் புள்ளிகளின் அடியில் பச்சையம் இருக்கிறது. மார்பிள் குயின், என்ஜாய் போன்ற மணி பிளான்ட் வகைகளின் வெள்ளைப் பகுதியிலோ பச்சையம் ஏறக்குறைய இல்லை. மார்பிள் குயினில் வெள்ளை தெளித்ததுபோலச் சிதறியிருக்கும். என்ஜாயில் இலை சிறியது, வெள்ளை திட்டுத்திட்டாக ஓரம் தெளிந்து நிற்கும்.

இந்த வெள்ளைதான் பராமரிப்பு முழுவதையும் தீர்மானிக்கிறது. இலையின் பச்சைப் பகுதி மட்டுமே உணவு தயாரிப்பதால் செடி மெதுவாக வளரும்; வெளிச்சம் குறைந்தால் புதிய இலைகள் பச்சையாகிக்கொண்டே போகும். மணி பிளான்ட்டின் பூர்விகம் பசிபிக் பெருங்கடலில் தாகித்திக்கு அருகிலுள்ள மூரியா தீவு. மரங்களின் மேல் ஏறி, கிளைகளினூடே வடிந்து வரும் வெளிச்சத்தில் வாழும் செடி அது. ஆகவே கிழக்குச் சன்னலோரம் உகந்தது. நம் ஊர் மதிய வெயில் நேராகப் பட்டால் வெள்ளைப் பகுதிதான் முதலில் பழுப்பாகக் கருகும்.

கொடி முழுப் பச்சையாகத் திரும்பினால் காத்திருக்க வேண்டாம், ஏனெனில் பச்சைக் கிளை வேகமாக வளர்ந்து மற்றவற்றை அமுக்கிவிடும். நான் தண்டைப் பார்த்துத்தான் வெட்டுகிறேன்: வெள்ளைக் கோடும் பச்சைக் கோடும் சேர்ந்து ஓடுகிற ஒரு கணுவைத் தேடி, அதற்குச் சற்று மேலே வெட்டினால், அங்கிருந்து வரும் துளிர் பெரும்பாலும் இரு நிறத்தோடும் வருகிறது. முழு வெள்ளையாக வரும் கிளை அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதனால் தனக்கே உணவு தேடிக்கொள்ள முடியாது, அதையும் நீக்கிவிடலாம்.

வளர்ச்சி குறைவு என்பதால் தண்ணீர்த் தேவையும் குறைவு. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். தென்னை நார்க்கழிவோடு பெர்லைட் என்ற எடை குறைந்த வெள்ளைக் கல் துகளும் கொஞ்சம் மண்புழு உரமும் கலந்தால் நீர் தேங்காது. அடியிலைகள் மஞ்சளாகி, மண்ணையொட்டிய தண்டு கொழகொழத்தால் வேர் அழுகுகிறது என்று பொருள். அப்போது நல்ல பகுதியைக் கணுவோடு வெட்டித் தண்ணீரில் வைத்துக் காப்பாற்றுவதே வழி.

இலை பெரிதாக வேண்டுமானால் கொடியைத் தொங்கவிடாமல் ஏற்றிவிட வேண்டும். தேங்காய் நார் சுற்றிய கம்பில் கணுக்கள் படும்படி தளர்வாகக் கட்டி, நாரை ஈரமாகவே வைத்திருந்தால்தான் காற்று வேர்கள் பற்றும்.

காம்பு இடுக்கில் பஞ்சுபோல் மாவுப்பூச்சி தெரிந்தால், ஈரத்துணியால் துடைத்தெடுத்து, நீரில் சோப்புக் கரைசலுடன் கலந்த வேப்பெண்ணெயை மாலையில் தெளிக்கலாம். இச்செடிகளில் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். குழந்தைகளும் நாய், பூனைகளும் இருக்கும் வீட்டில் தொட்டியை எட்டாத உயரத்தில் வைத்து, வெட்டிய துண்டுகளை உடனே அப்புறப்படுத்திக் கையைக் கழுவிவிட வேண்டும்.