ஓடைப் பூச்சிக்குப் பெயர் கண்டுபிடிக்க: முதலில் வால், பிறகு செயலி

பள்ளிப் பிள்ளைகளை ஓடைக்கு அழைத்துப் போய், பிடித்த பூச்சிக்குக் கைப்பேசியில் பெயர் கண்டுபிடிக்க வைப்பது எப்படி என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) சிலர் கேட்டிருந்தீர்கள். மலேசியாவின் பேராக்கில், தாப்பா பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளோடு நான் செய்கிற முறை இது.

படி 1: செயலி
சீக் (Seek) என்ற செயலி போதும். உயிரினப் படங்களை ஏற்றிப் பெயர் அறியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தின் குழுவினருடையதுதான், ஆனால் கணக்குத் திறக்க வேண்டியதில்லை. லைன் இல்லாத இடத்திலும் பெயர் சொல்லும். செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் லைன் எங்கே கிடைக்கிறது? கூகுள் லென்ஸ் எனக்கு ஒத்துவரவில்லை. மேஃபிளை என்ற ஓடைப் பூச்சியின் லார்வாவைக் காட்டினால் தூண்டிலில் மாட்டும் பொய்ப்பூச்சி விற்கிற கடைக்குக் கூட்டிப் போகிறது.

படி 2: பிடிப்பது
வலையின் வாய் நீர் வரும் திசையைப் பார்க்கட்டும். அதற்கு முன்னால் கிடக்கும் கற்களைக் காலால் கிளறுங்கள். மற்றதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். மலைப்பக்கம் கருத்திருந்தால் அன்றைக்கு ஓடைப் பக்கமே போக வேண்டாம். கெப்பாலா ஆயர், அதாவது மலைமழையால் திடீரென்று பாயும் வெள்ளம், வந்தால் ஓட நேரம் இருக்காது. காலில் புண் உள்ள பிள்ளை கரையிலேயே நிற்கட்டும், எலிக்காய்ச்சல் பயம் உண்டு.

படி 3: படம்
எனக்கு நெடுநாள் தண்ணி காட்டிய படி இதுதான். ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடியில் பூச்சி மூழ்கும் அளவுக்கு மட்டும் தெளிந்த நீர் விடுங்கள். கூடினால் அது நீந்திக்கொண்டே இருக்கும், படம் கலங்கும். குடையை விரித்து நிழல் கொடுங்கள், ஃபிளாஷை அணையுங்கள். இல்லையென்றால் நீரின் பளபளப்புதான் படத்தில் விழும். 20 ரிங்கிட்டுக்குள் கிடைக்கும் கிளிப் மேக்ரோ லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். அதை மாட்டினால் பூச்சிக்கு மிக அருகில் போக வேண்டும், கை ஆடும். இரண்டு கிண்ணங்களைக் கவிழ்த்து, அவற்றின் மேல் போனைப் படுக்க வைத்தால் தீர்ந்தது. மேலிருந்து ஒரு படம், வால் நுனியை மட்டும் ஒரு படம்.

படி 4: எண்ணுவது
செயலியைத் திறக்கும் முன்பே எண்ணச் சொல்லுங்கள். நூல் போன்ற 3 வால், வயிற்றோரம் செவுள்கள்: மேஃபிளை. 2 வால்: பெரும்பாலும் ஸ்டோன்ஃபிளை. சில மேஃபிளைக்கும் 2 வால்தான் என்பதால் கால் நுனியைப் பாருங்கள். மேஃபிளைக்குக் காலுக்கு 1 நகம், ஸ்டோன்ஃபிளைக்கு 2. பின்னால் தட்டையாக இலை போல 3 இருந்தால் ஊசித்தட்டானின் இளம்பூச்சி. அவை வாலே அல்ல, செவுள்கள். மணல் கூட்டுக்குள் ஒளிந்திருப்பது கேடிஸ்ஃபிளை.

படி 5: செயலியிடம் கேட்பது
சீக்கில் 7 புள்ளிகள் தெரியும், உயிரின வகைப்பாட்டின் ஒவ்வொரு படிக்கும் ஒன்று. 4-ஆவது நிறைந்தால் வரிசை (order), 7-ஆவது நிறைந்தால் இனம் (species). லார்வாவுக்கு 4-ஆவதிலேயே நின்றுவிட்டால் கவலைப்படாதீர்கள், வகுப்புக்கு அது போதும். இனப் பெயர் வரைக்கும் சொன்னால்தான் நான் சந்தேகப்படுவேன். பிள்ளைகள் எண்ணியதும் செயலி சொல்வதும் முட்டிக்கொண்டால் லென்ஸோடு திரும்பவும் பூச்சியிடமே போங்கள். பார்த்து முடிந்ததும் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

வகுப்பில் பழக பாக்கெட்மேக்ரோஸ் செயலியின் பயிற்சி அட்டைகள் (flash cards) அருமை. கிழக்கு அமெரிக்கப் பூச்சிகளை வைத்துச் செய்தது, அதனால் குடும்பம் வரைக்கும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் பூச்சிகளை வைத்து நீரின் சுத்தத்தை அளக்கும் பிரிட்டனின் பிஎம்டபிள்யூபி (BMWP) மதிப்பெண்ணையும் போட்டுப் பார்க்கலாம்: பெர்லிடே குடும்பத்து ஸ்டோன்ஃபிளைக்கு 10, கைரோனோமிடே குடும்பத்துப் புழுவுக்கு 2. காட்டோரத்து ஓடையையும் தோட்டத்துக் கால்வாயையும் ஒரே நாளில் பார்த்தால் எந்த நீர் சுத்தம் என்று பிள்ளைகளுக்கே புரிந்துவிடும்.

பிற்சேர்க்கை: பிள்ளைகளின் படங்களை ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றலாமா என்று பீடோர் டீச்சர் ஒருவர் கேட்டார். 13 வயதுக்குக் கீழே தாங்களாகவே கணக்குத் திறக்க முடியாது. உங்கள் கணக்கில் ஏற்றுங்கள் டீச்சர், ஆனால் பூச்சியை மட்டும் வெட்டியெடுத்து. பிள்ளைகளின் முகமும் பள்ளிச் சின்னமும் தெரிய வேண்டாம்.